சின்ன அறை, மதுரை வெயில், சூடாகாத ஆம்ப்ளிஃபயர்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மொட்டைமாடிக்கு நேர் கீழே 10க்கு 12 அடியில் ஓர் அறை. அதில் 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி கொண்ட 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர், பழையதாக வாங்கிய 30 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர். மாசி வரைக்கும் சுகமாகக் கேட்கிறார். பங்குனி பிறந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியவில்லை. "கிளாஸ் டி வாங்கினால் உயிரில்லாமல் ஒலிக்கும் என்கிறார்கள். கிளாஸ் ஏபியும் சுடத்தான் செய்யும் என்கிறார்கள். என்னதான் வாங்குவது?" என்பது கேள்வி. (ஏ, ஏபி, டி என்பவை ஆம்ப்ளிஃபயர் தன் டிரான்ஸிஸ்டர்களை இயக்கும் முறைகளின் பெயர்கள்.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அறைக்கும் ஸ்பீக்கருக்கும் சேனலுக்கு 40 முதல் 60 வாட் தரும் நல்ல கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் போதும். அது பிடிக்காவிட்டால் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்ஸிஸ்டர்களில் ஓடவிடும் மின்னோட்டம்) குறைவாக வைத்த சாதாரண கிளாஸ் ஏபி. எதை வாங்கினாலும் பெட்டியின் முன்பக்கம் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது அது சுவரிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். அறையைச் சுட வைப்பது அந்த எண்தான். கடைக்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை.

கிளாஸ் ஏ ஏன் இப்படிச் சுடுகிறது? குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் தேவைப்படும்போது ஒரு டம்ளர் பிடித்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அது. நீங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 30 வாட் தர வேண்டுமானால் உச்சத்தில் சுமார் 2.7 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. ஒரு டிரான்ஸிஸ்டர் தள்ள இன்னொன்று இழுக்கும் புஷ் புல் அமைப்பில் அதில் பாதியை, அதாவது ஏறக்குறைய 1.4 ஆம்பியரை, எந்நேரமும் டிரான்ஸிஸ்டர்கள் வழியே ஓடவிட வேண்டும். மேலும் கீழும் 27 வோல்ட் வீதம் மொத்தம் 54 வோல்ட் சப்ளை என்று வையுங்கள். 54ஐ 1.4ஆல் பெருக்கினால் சேனலுக்கு 75 வாட். இரண்டு சேனலுக்கு 150. டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் தம் பங்கைச் சேர்த்தால் 180 வாட் அளவில் வந்து நிற்கும். ஆன் செய்த நொடியிலிருந்து ஆஃப் செய்யும் வரை அவ்வளவும் சூடு. சத்தமாகப் பாட்டு ஓடும்போது கிளாஸ் ஏ டிரான்ஸிஸ்டர்களின் சூடு கொஞ்சம் குறையும் என்பது இதில் ஒரு வேடிக்கை. ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி அப்போதுதான் ஸ்பீக்கருக்குப் போகிறது.

நம் ஊர் மின்சாரமும் இதில் கை வைக்கும். இத்தகைய ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் சப்ளை ரெகுலேட் செய்யப்படுவதில்லை. சுவரில் 230 வோல்ட்டுக்குப் பதில் நள்ளிரவில் 250 வந்தால், உள்ளே இருக்கும் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். சூடும் ஒன்பது சதவீதம் போல ஏறும். இரவில் கேட்கும்போது இன்னும் அதிகமாகச் சுடுவதாகத் தோன்றினால் அது பிரமையல்ல.

இத்தனை சூட்டுக்கும் ஈடாக உங்கள் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்வது எவ்வளவு? 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் சத்தம். உங்கள் நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து சுமார் 2.2 மீட்டரில் இருக்கும். தூரத்துக்கு ஏறக்குறைய 7 டெசிபல் கழியும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். சின்ன அறையின் சுவர்கள் திருப்பி அனுப்புவதில் இன்னொரு 2, 3 டெசிபல் கிடைக்கும். ஆக, சேனலுக்கு ஒரு வாட் கொடுத்தால் உங்கள் காதில் 86 டெசிபல் போல விழும். தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலில் இருந்தால் செவித்திறன் கெடலாம் என்று அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் எச்சரிக்கிறது. வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பவர் சராசரியாக 74 டெசிபல் பக்கம்தான் வைப்பார். அது 86ஐ விட 12 டெசிபல் குறைவு. வாட்டில் சொன்னால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.06 வாட்.

180 வாட் இழுத்து 0.06 வாட்.

உச்சங்களையும் மறக்கவில்லை. நன்றாகப் பதிவான தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் அடி சராசரியை விட 20 டெசிபல் வரை எகிறும். அந்தக் கணத்துக்கு 94 டெசிபல் வேண்டும். அதற்கு ஆறேழு வாட். மேலே ஒரு கை இடம் விட்டு 20 வாட் என்று வைத்துக்கொண்டாலும், கேட்கும் தூரம் சிறிது கூடினாலும், பேஸ் அதிகமான பாட்டு ஓடினாலும், 40 வாட்டைத் தாண்ட உங்களுக்கு வேலையில்லை. 100 வாட், 150 வாட் என்று தேடி அலைபவர்கள் பெரும்பாலும் வேறு யாருடைய அறைக்கோ ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறார்கள்.

இனி சூட்டுக்கு வருவோம். 10க்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் அறைக்குள் 34 கன மீட்டர் காற்று, எடையில் 40 கிலோ சொச்சம். 180 வாட் முழுவதும் அந்தக் காற்றுக்கே போனால் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் தரையும் வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. ஆனால் மதுரையில் சித்திரை மாதத்துச் சுவர் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் நிற்கிறது. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் நீங்கள் ஒரு ஆம்ப்ளிஃபயரை வைக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் வெளியேற்றும் சூடு 100 வாட் அளவு. உங்களோடு இன்னும் இரண்டு பேர் இரவெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

அப்போது என்ன செய்வீர்கள்? மின்விசிறியைப் போடுவீர்கள். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கிளாஸ் ஏ வாங்குபவர் எதற்காக வாங்குகிறார்? மெல்லிய ஒலிகளில் அது காட்டும் நயத்துக்காக. கச்சேரிப் பதிவில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பின்னால் தம்புரா மெலிந்து மெலிந்து போகிறதே, அந்த வாலைக் கேட்பதற்காக. சீலிங் ஃபேன் நடுவேகத்தில் சுற்றும்போது அறையின் இரைச்சல் சாதாரணமாக 40 டெசிபலுக்கு மேலே போய்விடும். தம்புராவின் அந்த வால் அதற்குக் கீழே இருக்கிறது. இறக்கைகள் வீசும் காற்று மேல் ஸ்தாயியில் லேசான நடுக்கத்தையும் சேர்க்கும். நீடித்த வீணைச் சுரத்தை ஃபேன் போட்டும் அணைத்தும் கேட்டுப் பாருங்கள், தெரியும். நயத்துக்காக வாங்கிய பெட்டியே அந்த நயத்தை மூடும் இரைச்சலை அறைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே சின்ன அறையில் சூடு என்பதை மின்கட்டண விவகாரமாக மட்டும் பார்க்காதீர்கள். அது ஒலித்தரத்தையே தொடும் விஷயம்.

ஏசி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூடு 3,500 வாட். அதில் 180 ஒரு பொருட்டே இல்லை. கூடுதலாக 60 வாட் போல மின்சாரம் செலவாகும், அவ்வளவுதான். ஆனால் ஏசியின் உள் யூனிட்டுக்கும் ஓர் இரைச்சல் உண்டு. இன்வெர்ட்டர் ஏசியைக் குறைந்த வேகத்தில் வைத்தால் சீலிங் ஃபேனை விட அமைதியாக இருக்கும். இருக்கும் ஆம்ப்ளிஃபயரோடு வாழ்வதென்று முடிவெடுத்தால் அது ஒரு வழி. கட்டணத்தையும் கணக்குப் பார்த்துவிடலாம். தினம் நான்கு மணி நேரம் கேட்டால் 180 வாட்டுக்கு மாதம் 21 யூனிட் சொச்சம். கிளாஸ் டி சும்மா இழுக்கும் 15 வாட்டுக்கு 2 யூனிட்கூட இல்லை. இரண்டு மாத பில்லில் வித்தியாசம் 40 யூனிட். 500 யூனிட் எல்லைக் கோட்டருகே நிற்கும் வீடாக இருந்தால் உறைக்கும். இல்லாவிட்டால் பெரிதாகத் தெரியாது.

கிளாஸ் ஏபியைப் பற்றிய பயத்துக்கு வருவோம். "ஏபியும் சுடும்" என்பது பாதி உண்மை. மெல்லிய ஒலிக்கு கிளாஸ் ஏ போல இரண்டு பக்க டிரான்ஸிஸ்டர்களும் ஓடும், சத்தம் கூடினால் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் ஓய்வெடுக்கும் முறைதான் ஏபி. எந்த ஏபி என்பதைப் பொறுத்தது சூடு. கணக்குப் போட்டுச் செய்த ஏபி ஒன்றில் டிரான்ஸிஸ்டரோடு தொடராக நிற்கும் எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம் இருக்கும். அதன் குறுக்கே 26 மில்லிவோல்ட் வரும்படி பயாஸ் வைத்தால் கிராஸ்ஓவர் சிதைவு (ஒரு டிரான்ஸிஸ்டரிடமிருந்து மற்றதற்கு வேலை கைமாறும் இடத்தில் வரும் பிழை) மிகக் குறைவாக இருக்கும் என்பது ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பவர்களிடையே பழைய பாடம். அப்படியானால் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டம் சுமார் 118 மில்லி ஆம்பியர். 70 வோல்ட் சப்ளையில் சேனலுக்கு 8 வாட். மற்ற சர்க்யூட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தாலும் 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். பெட்டியின் மேல்தகடு வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவே.

இதே ஏபியில் "முதல் 5 வாட் சுத்தமான கிளாஸ் ஏ" என்று பெருமையாக எழுதி விற்பவர்களும் உண்டு. அந்த வாசகத்தைப் பார்த்தால் கால்குலேட்டரை எடுங்கள். 8 ஓமில் 5 வாட்டுக்கு உச்ச மின்னோட்டம் 1.1 ஆம்பியர். பயாஸ் அதில் பாதி, 0.56. சப்ளை 70 வோல்ட். சேனலுக்கு 39 வாட், இரண்டுக்கும் 78. சுத்தமான கிளாஸ் ஏயில் தப்பித்து இங்கே வந்து மாட்டிக்கொள்வீர்கள். ஹோம் தியேட்டருக்கான, ஐந்தாறு சேனல் கொண்ட ஏவி ரிசீவரும் உங்களுக்கு வேண்டாம். ஸ்டீரியோ மட்டும் கேட்பவருக்கு மற்ற சேனல்களின் பயாஸ் வெறும் தண்டச் சூடு.

சூடு குறைந்த அனலாக் ஆம்ப்ளிஃபயர் என்பது புதிய ஆசையல்ல. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1975ல் 405 என்ற பவர் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. சேனலுக்கு 100 வாட். ஆனால் சும்மா இருக்கும்போது கையை வைத்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்று சந்தேகம் வரும். ஒரு சிறிய கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் ஒலியின் துல்லியத்தைக் கவனித்துக்கொள்ளும். பயாஸே இல்லாத பெரிய டிரான்ஸிஸ்டர்கள் பாரத்தைச் சுமக்கும். பெரியவை செய்யும் பிழையைச் சிறியது திருத்தும். கரண்ட் டம்பிங் என்று பெயரிட்டார்கள். சரிசெய்ய பயாஸ் திருகு ஒன்றுகூட அதில் கிடையாது. பழையதாகக் கிடைத்து, கெபாசிட்டர் மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் அருகில் இருந்தால் இன்றும் உங்கள் அறைக்குப் பொருந்தும். இல்லாவிட்டால் ஐம்பது வருடப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது கிளாஸ் டி. டி என்றால் டிஜிட்டல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏ, பி, சி வரிசையில் அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இதில் டிரான்ஸிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்பதே இல்லை. ஒன்று முழுக்கத் திறப்பு, இல்லையேல் முழுக்க மூடல். நொடிக்கு நான்கைந்து லட்சம் தடவை இப்படித் திறந்து மூடி, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்ற விகிதத்தில் இசையின் வடிவத்தை எழுதுகிறது. பின்னால் இருக்கும் காயிலும் (கம்பிச்சுருள்) கெபாசிட்டரும் அந்த வேகமான துடிப்பை வடிகட்டி இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். முழுக்கத் திறந்த டிரான்ஸிஸ்டரின் குறுக்கே வோல்ட்டேஜ் ஏறக்குறைய இல்லை. மூடியதன் வழியே மின்னோட்டம் இல்லை. இரண்டிலும் சூடு மிகக் குறைவு. நல்ல பவரில் ஓடும்போது பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்கே போகும். சும்மா இருக்கும்போது முழுப் பெட்டியும் 10, 15 வாட்டோடு நின்றுவிடும்.

"உயிரில்லாத ஒலி" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றால், அதன் சிறுவயதிலிருந்து. கிளைவ் சின்க்ளேர் 1964ல் எக்ஸ்-10 என்ற கிளாஸ் டி கிட்டை விற்றார். அன்றைய டிரான்ஸிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. சொன்ன வாட் வரவில்லை, பக்கத்து ரேடியோவில் இரைச்சல் வந்தது. பிறகு 1995ல் அமெரிக்காவில் ஆத்யா திரிபாதி தொடங்கிய டிரிபாத் நிறுவனத்தின் சில்லு ஒன்று, விலை மலிந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் புகுந்து ஆடியோக்காரர்களை ஆச்சரியப்படுத்தியது. நிறுவனம் நிலைக்கவில்லை. ஆனால் "டி என்றால் சப்வூஃபருக்கு மட்டும்" என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. பெல்ஜியத்துக்காரர் புரூனோ புட்ஸீஸ் பிலிப்ஸில் இருந்தபோது யூசிடி என்ற அமைப்பை உருவாக்கினார். ஹாலந்தின் ஹைபெக்ஸில் என்கோர் செய்தார். பிறகு டென்மார்க்கின் புரிஃபை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2019ல் வந்த புரிஃபை மாட்யூலின் சிதைவை அளக்க, அளக்கும் கருவியே தடுமாற வேண்டியிருக்கிறது. அந்தத் தரத்தில் உயிர் இல்லை என்று சொல்பவரிடம், ஒலி அளவைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் கேட்கச் செய்து பார்க்க வேண்டும். சமப்படுத்துவது கஷ்டமில்லை. 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு ஆம்ப்ளிஃபயரிலும் ஒரே வோல்ட்டேஜ் வரும்படி வால்யூமைத் திருப்பினால் போதும். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் பொருட்படுத்துவதில்லை. அரை டெசிபல் கூட வைத்ததுதான் எப்போதும் "உயிரோட்டமாக" ஒலிக்கும்.

ஆனால் மலிவான கிளாஸ் டியில் உண்மையான ஒரு குறை உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. நான் சொன்ன காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி, ஒரு குறிப்பிட்ட ஓம் ஸ்பீக்கரை மனத்தில் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஃபீட்பேக் (வெளிவருவதைத் திருப்பிக் கொண்டுபோய் உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் ஏற்பாடு) அந்த வடிகட்டிக்கு முன்னாலேயே எடுக்கப்பட்டிருந்தால், ஸ்பீக்கரின் ஓம் மாறும்போது உச்ச ஸ்தாயியின் அளவும் மாறும். 4 ஓம் ஸ்பீக்கரில் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் சாயும், 8 ஓமில் ஒரு டெசிபல் இரண்டு டெசிபல் தூக்கும். சிலருக்கு அது "கூர்மை", சிலருக்கு "கரகரப்பு". (ஐம்பதைத் தாண்டிய காதுகளுக்கு அந்த ஸ்தாயியே எட்டாது என்பதும் உண்மை. வருத்தப்பட ஒன்றுமில்லை, பணம் மிச்சம்.) ஃபீட்பேக்கை வடிகட்டிக்குப் பின்னாலிருந்து எடுக்கும் அமைப்பில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. யூசிடி, என்கோர், புரிஃபை மூன்றும் அந்த வகை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சில்லையும் அப்படிப் பொருத்தலாம். சில பெட்டிகளில் பொருத்துகிறார்கள், சிலவற்றில் இல்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே தொழில்நுட்பக் கேள்வி இதுதான்.

மலிவுப் பெட்டிகளின் மேல் "300 வாட் + 300 வாட்" என்று போட்டிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டிபிஏ3255 சில்லின் விவரத் தாளில் அதை ஒட்டிய எண் 4 ஓமுக்கு, பத்து சதவீதச் சிதைவோடு தரப்பட்டது. பத்து சதவீதச் சிதைவில் நாதஸ்வரமும் நசுங்கிய தகரமும் ஒன்றுதான். பெட்டியை விட்டுவிட்டு, கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் 160 வாட். 160 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து 600 வாட் தொடர்ந்து வெளியே வராது. உங்களுக்கு அது தேவையுமில்லை. ஆனால் பொய்யைப் பொய் என்று தெரிந்து வாங்குவது நல்லது.

அடாப்டர் இரண்டு பின் கொண்டதாக இருந்தால், ஆர்சிஏ கேபிளின் வெளி உலோகத்தைத் தொடும்போது மெல்லிய ஷாக் போல விறுவிறுக்கும். சில வீடுகளில் ஸ்பீக்கரில் முணுமுணுப்பும் வரும். எர்த் உள்ள மூன்று பின் அடாப்டர் கேட்டு வாங்குங்கள், அந்த மூன்றாவது பின்னுக்குச் சுவரில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள். தானாக அணையும் வசதி இருந்தால் அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில பெட்டிகள் மெல்லிய ஒலியை மௌனம் என்று நினைத்து உறங்கிவிடும். விழித்துக்கொள்வதற்குள் ஆலாபனையின் தொடக்கத்தை விழுங்கியிருக்கும். மீடியம் வேவ் ரேடியோ கேட்பவராக இருந்தால் அதை ஆம்ப்ளிஃபயரிலிருந்து தள்ளி வையுங்கள்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால்: விம் ஆம்ப், 8 ஓமில் சேனலுக்கு 60 வாட், டிபிஏ3255 சில்லு, இணைய இசையும் உள்ளேயே வருகிறது. உங்கள் அறைக்கு நான் முதலில் வைப்பது இதைத்தான். ஸ்ட்ரீமிங் வேண்டாம், பணமும் குறைவாகப் போட வேண்டும் என்றால் ஃபோஸி ஆடியோவின் வி3. ஹைபெக்ஸ் யூசிடி பொருத்திய நாட் சி 328 பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். நாட், மராண்ட்ஸ் போன்றவற்றின் மேல்வரிசையில் என்கோரும் புரிஃபையும் இருக்கின்றன. இந்த அறைக்கு அந்தச் செலவு அநாவசியம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் ஸ்பீக்கரை மாற்றினால் பத்து மடங்கு வித்தியாசம் தெரியும். ஏபிதான் வேண்டும் என்றால் 45 வாட் மராண்ட்ஸ் பிஎம்6007. ரீகா பிரியோ எனக்கு மிகவும் பிடித்த ஒலி. ஆனால் அதன் உலோக உடம்பே ஹீட் சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் பாகம். மதுரைக்கு நான் சொல்ல மாட்டேன். வால்வ் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகவே வேண்டாம். ஒரு இஎல்34 வால்வின் ஃபிலமென்ட் மட்டும் ஒன்பதரை வாட் தின்னும். நான்கு வால்வுக்கு 38 வாட், பாட்டு தொடங்குவதற்கு முன்பே. ஜப்பானிலிருந்து வரும் பழைய 100 வோல்ட் பெட்டிகளும் அப்படியே: கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி, அதன் சூட்டையும் அறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? பின்பக்கத் தகட்டில் இருக்கும் "பவர் கன்சம்ப்ஷன்" எண்ணை நம்ப முடியாது. சில நிறுவனங்கள் முழுச் சத்தத்தில் அளந்ததைப் போடும், சில எட்டில் ஒரு பங்கு பவரில் அளந்ததை. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கும் போதும். அதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, அரை மணி நேரம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். 20க்குள் இருந்தால் உங்கள் அறைக்கு ஏற்றது. 35 வரை பொறுக்கலாம். 50ஐத் தாண்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஏசி போட்ட கடையில் மேல்தகட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே 24 டிகிரி, உங்கள் அறையில் 36. கடையில் 45 டிகிரியில் இதமாக இருக்கும் தகடு உங்கள் வீட்டில் 57 டிகிரியில் கை வைக்கவிடாது.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தால் 15 வாட் கிளாஸ் டியும் வெந்துபோகும். மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், தூசிக்காகத் துணி போர்த்தாதீர்கள். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழகிய கணக்கு. சூடான பெட்டி சீக்கிரம் சாகும். கதகதப்பான ஆம்ப்ளிஃபயரின் காற்றுத் துளை பல்லிக்கு மிகவும் பிடித்த இடம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சர்க்யூட் போர்டில் கருகிய பல்லியைப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். மேலே கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வைத்துக் குளிர்விக்கலாமா என்று கேட்பார்கள். 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் மெதுவாக ஓடவிட்டால் சத்தமில்லாமல் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும். ஆனால் உங்களைக் காப்பாற்றாது. பெட்டிக்குள் இருந்த சூட்டை அறைக்குள் கொட்டுகிறது, அவ்வளவுதான். 180 வாட் அப்போதும் 180 வாட்தான்.

இருக்கும் கிளாஸ் ஏயை அவசரப்பட்டு விற்காதீர்கள். பழையதை விற்றால் பாதி விலைகூடத் தேறாது. மார்கழியிலும் தையிலும் மதுரை இரவு அதற்கு ஒத்துவரும். கச்சேரி சீசன் முழுவதும் அதில் கேளுங்கள். மாசி முடிந்ததும் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிப் புதியதில் மாட்டிவிட்டு, பழையதை மூடிய பெட்டியில் பல்லி போகாமல் வையுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம். உங்கள் சப்வூஃபர் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து வயர் எடுத்து ஓடுகிறதா, ஆர்சிஏ கேபிளிலா என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் கறுப்பு டெர்மினல் பெரும்பாலும் கிரவுண்ட். பல கிளாஸ் டி பெட்டிகளில் அப்படி இல்லை. சிவப்பு, கறுப்பு இரண்டிலுமே சிக்னல் வரும். இரண்டு சேனலின் கறுப்புகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டாலோ, சப்வூஃபரின் கிரவுண்டோடு சேர்த்தாலோ சில்லு போய்விடும். ஸ்பீக்கர் செலக்டர் ஸ்விட்ச் பெட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். சில சப்வூஃபர்களின் கையேட்டில் கிளாஸ் டிக்கென்றே தனி இணைப்பு வரைபடம் இருக்கும், அதன்படி சப்வூஃபரிலிருந்து வரும் கறுப்பு வயரை ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸில் (உலோக உடம்பில்) கட்டச் சொல்வார்கள். வரைபடம் இல்லாவிட்டால் ஊகித்து எதையும் செய்ய வேண்டாம். ஆர்சிஏ சப் அவுட் உள்ள ஆம்ப்ளிஃபயராகவே வாங்கிவிடுங்கள். விம் ஆம்பில் அது இருக்கிறது.